மின்னணு ஆலய மணிக்கு வாராந்திர அட்டவணை அமைப்பது: முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானிக் கேரிலான் (ஆலய மணியின் ஒலியையும் பாடல் மெட்டுகளையும் குறித்த நேரத்தில் தானாக ஒலிக்கும் கருவி) முன் புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பிடித்த பாடலைத் தேடி ஞாயிறு காலைக்குப் போடுவதுதான். அப்புறம் மணிக்கணக்கு (ஆறு மணிக்கு ஆறு அடி என்பதுபோல் நேரத்தை எண்ணி அடிப்பது), மூவேளை செபம் (காலை, நண்பகல், மாலை சொல்லும் மரியன்னை செபம்), திருப்பலி மணி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். சில நாளில் அடக்கத் திருப்பலியின் நடுவே கால்மணி இசை (கால்மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் சிறு மெட்டு) ஒலிக்கும். மதியம் அடிக்க வேண்டிய மூவேளை செப மணி நள்ளிரவில் அடிக்கும். கருவி பழுது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். வந்து பார்த்தால், கருவி சொன்னதைத்தான் செய்திருக்கும்.

கீழே உள்ள வரிசை இதற்கு நேர்மாறானது. மணி எப்போது அடிக்கக் கூடாது என்பதை முதலில் பதியுங்கள், எப்போது அடிக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு. மெனுவின் பெயர்கள் கருவிக்குக் கருவி மாறும், இந்த வரிசை மாறத் தேவையில்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பங்குத்தந்தையிடமிருந்து வாராந்திர வழிபாட்டு நேரங்களை எழுத்தில் வாங்குங்கள். வாய்வழியாகச் சொன்னால் முதல் வெள்ளித் திருப்பலி, சனி மாலைத் திருப்பலி போன்றவை விட்டுப்போகும். ஒவ்வொரு வழிபாடும் எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். இதைக் கேட்காமல் வந்துவிடுவதுதான் பிறகு வரும் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

அந்த ஆண்டின் வழிபாட்டு நாள்காட்டி, கருவியின் கையேடு, நிர்வாகக் கடவுச்சொல், கருவியில் உள்ள பாடல்களின் பட்டியல், ஒரு யுஎஸ்பி டிரைவ் ஆகியவையும் வேண்டும்.

ஒரு பெரிய தாளில் ஏழு நாளுக்கும் ஏழு பத்தி போட்டு, 00:00 முதல் 23:59 வரை நேரத்தை மேலிருந்து கீழாக எழுதுங்கள். வழிபாட்டு நேரங்களை முதலில் நிழலிட்டுக் காட்டுங்கள். மணிகளை அதன்மேல் குறியுங்கள். கருவியின் சின்னத் திரையில் ஒரு நேரத்தில் சில பதிவுகள்தான் தெரியும், எது எதோடு மோதுகிறது என்று அதில் தெரியாது. தாளில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

2. பழைய பதிவுகளைப் பிரதி எடுத்துவிட்டு அழிப்பது

ஏற்கெனவே ஓடும் கருவி என்றால், இருப்பதை யுஎஸ்பியில் பிரதி எடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒவ்வொரு திரையையும் படம் எடுங்கள். அப்புறம் எல்லாப் பதிவையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய அட்டவணைக்கு மேல் ஒட்டுப் போடாதீர்கள். எப்போதோ ஒரு திருவிழாவுக்குப் போட்ட பதிவு உள்ளே கிடந்து, அடுத்த ஆண்டு அதே தேதியில் தானாக அடிக்கும்.

3. கடிகாரம்

அட்டவணை முழுவதும் கடிகாரத்தை நம்பியே நிற்கிறது. அதனால் அதைத் தொடும் முன் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்குச் சுமார் 1.7 விநாடி தள்ளிப்போகும். மாதத்தில் அது ஏறக்குறைய 50 விநாடி. ஆலய மணியைக் கேட்டு நேரம் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். இணையம் வழியாகவோ ஜிபிஎஸ் வழியாகவோ நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் மாதம் ஒரு நாளைக் குறித்துவைத்துக் கையால் திருத்துங்கள்.

ஜிபிஎஸ், இணையம் இரண்டிலிருந்தும் வருவது உலகப் பொது நேரம். உங்கள் நேர மண்டலத்தைச் சரியாகப் பதியாவிட்டால், நிமிடம் சரியாக இருக்கும், மணி தவறாக இருக்கும். அரைமணி வித்தியாசம் உள்ள மண்டலங்களில் நிமிடமும் தவறும். கோடைகால நேர மாற்றம் உள்ள இடமா இல்லையா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். அந்த வழக்கம் இல்லாத இடத்தில் அதை அணைத்துவைப்பது கட்டாயம்.

கடிகாரத்தை 24 மணி முறைக்கு மாற்றுங்கள். 12 மணி முறையில் நண்பகலுக்கு ஏஎம் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நள்ளிரவில் மூவேளை செப மணி அடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 24 மணி முறையில் 12:00 என்றால் நண்பகல், 00:00 என்றால் நள்ளிரவு, குழப்பமே இல்லை.

கடைசியாக, மின்சாரத்தைப் பத்து நிமிடம் துண்டித்துப் பாருங்கள். திரும்ப வரும்போது மூன்றைக் கவனியுங்கள்: நேரம் நின்றுபோயிருக்கிறதா, ஒலி அளவு பழைய நிலைக்கே வருகிறதா, மின்சாரம் இல்லாதபோது தவறிய மணிகளைச் சேர்த்து இப்போது அடிக்கிறதா? நேரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் மேலே போவதில் பயனில்லை.

4. மௌன நேரங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள். மௌன நேரம் இரண்டு வகை: இரவு மௌனம், வழிபாட்டு மௌனம்.

இரவு மௌனத்தை 21:00 முதல் 06:00 வரை என்று ஒரே வரியில் போடத் தோன்றும். அதில் மூன்று பொறி இருக்கிறது.

முதலாவது, பல கருவிகளில் நள்ளிரவைத் தாண்டும் பதிவு வேலை செய்யாது. அதை 23:59 வரை ஒன்று, 00:00 முதல் இன்னொன்று என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது துண்டு அடுத்த நாளைச் சேர்ந்தது. திங்கள் இரவுக்கு மௌனம் வேண்டுமென்றால், அதன் பின்பாதி செவ்வாய்க்கிழமையில் இருக்க வேண்டும். ஏழு நாளுக்கும் இரண்டு துண்டையும் போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இரண்டாவது, ஓரத்து நிமிடம். 21:00 மணிக்கு மௌனம் தொடங்கினால் ஒன்பது மணி அடிக்குமா அடிக்காதா? கருவிக்குக் கருவி பதில் மாறும். அடிக்க வேண்டும் என்றால் மௌனத்தை 21:02க்குத் தொடங்குங்கள். காலையில் ஆறு மணிக்கு முதல் மணி வேண்டும் என்றால் 05:58க்கு முடியுங்கள்.

மூன்றாவது, முன்னிசை. வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற கால்மணி இசையைச் சரியாக அமைத்த கருவியில், மணிக்கணக்கின் முதல் அடிதான் சரியான நேரத்தைக் காட்டும், அதற்கு முன் வரும் இசை சில விநாடி முன்னதாகவே தொடங்கிவிடும். மௌனம் சரியாக 06:00க்கு முடிந்தால் இசை அடைபட்டு வெறும் அடி மட்டும் கேட்கலாம், அல்லது இரண்டுமே கேட்காமல் போகலாம். 05:58 என்று முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழிபாட்டு மௌனம் ஒவ்வொரு வழிபாட்டுக்கும் தனித்தனியாக வேண்டும். 07:00 மணித் திருப்பலி 08:00க்கு முடியும் என்றால், மௌனம் 06:59 முதல் 08:15 வரை. பின்னால் கால்மணி நேரம் கூட்டுவது, மறையுரை நீண்டாலும் அறிவிப்பு நீண்டாலும் எட்டு மணி அடித்து இறுதிச் செபத்தைக் கலைக்கக் கூடாது என்பதற்காக. முன்பக்கம் அதிகம் நீட்டக் கூடாது. 06:45க்கே மௌனம் போட்டுவிட்டு, 06:55 மணி ஏன் அடிக்கவில்லை என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

5. மோதினால் எது ஜெயிக்கும் என்று கண்டுபிடிப்பது

இனிமேல் போடும் ஒவ்வொன்றும் இதைப் பொறுத்தது. கையேட்டில் தெளிவாக எழுதியிருக்காது, நேரில் சோதித்துத்தான் அறிய வேண்டும். மூன்று கேள்விக்கு விடை வேண்டும்.

ஒரே நிமிடத்தில் இரண்டு மணி இருந்தால் என்ன ஆகும்? இரண்டாவது காத்திருந்து அடிக்கலாம், அடிக்காமலே விடலாம், முதலாவதை வெட்டிவிட்டு அடிக்கலாம். பத்து நிமிடம் தள்ளி ஒரு நீளமான பாடலைப் போட்டு, அது ஓடும்போதே வருமாறு ஒரு மணியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேதிப் பதிவு வாரப் பதிவுக்குப் பதிலாக வருமா, கூடவே வருமா? இது மிக முக்கியம். பதிலாக வரும் கருவியில் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு ஒரே ஒரு மணியைப் பதிந்தால், அன்றைய மற்ற எல்லா மணியும் காணாமல் போகும். கூடவே வரும் கருவியில் வழக்கமான மணியும் சிறப்பு மணியும் இரண்டும் அடிக்கும்.

கையால் பொத்தானை அழுத்தினால் மௌன நேரத்திலும் அடிக்குமா? சிலவற்றில் அடிக்காது. இது பெரிய வியாழனன்று (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய வியாழன்) தேவைப்படும்.

மூன்று விடையையும் அந்தத் தாளின் மேற்பகுதியில் எழுதுங்கள்.

6. மணிக்கணக்கு

காலை 6 முதல் இரவு 9 வரை மணிக்கணக்கு மட்டும் அடித்தாலே நாளுக்கு 108 அடி. இதோடு வெஸ்ட்மின்ஸ்டர் கால்மணி இசையும் சேர்ந்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4, 8, 12, 16 என்று இன்னொரு 40 சுரம் கூடும். வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் மணிக்கணக்கு போதும் என்பது என் கருத்து. கால்மணி இசையைத் திருவிழா நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கக் கால்மணிக்கு ஒருமுறை கேட்கும் ஒலியைக் காது விட்டுவிடும், திருப்பலிக்கு அழைக்கும் மணியும் அதோடு சேர்ந்து கவனம் இழக்கும்.

7. மூவேளை செப மணி

வழக்கமான நேரம் 06:00, 12:00, 18:00. அடி முறை மூன்று, மூன்று, மூன்று, கடைசியில் ஒன்பது. ஒரே மணியின் ஒலியைத் தேர்ந்தெடுங்கள், இசைக்கோவை வேண்டாம்.

இடைவெளியில்தான் பலர் தவறுகிறார்கள். தொகுதிக்குத் தொகுதி ஐந்து விநாடி விட்டால் அது பதினெட்டு அடியாகக் கேட்குமே தவிர, செபத்துக்கான அழைப்பாகக் கேட்காது. ஒரு வசனமும் ஒரு அருள்நிறைந்த மரியேயும் சொல்லி முடிக்கும் அளவு இடைவெளி வேண்டும். நீங்களே நிதானமாகச் சொல்லிப் பார்த்து, அந்த விநாடியைப் பதியுங்கள்.

அடுத்து, மணிக்கணக்கோடு மோதல். நண்பகலில் மூன்று விநாடிக்கு ஒரு அடி என்றால் பன்னிரண்டு அடிக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் செப மணியை 12:01க்குப் போடுங்கள். மற்ற இரண்டு வேளைக்கும் அதே ஒரு நிமிடத்தை வையுங்கள், ஒரே மாதிரி இருப்பது நினைவில் வைக்க எளிது. மணிக்கணக்கு மிக மெதுவாக அடிக்கும் கருவி என்றால் 12:02.

சனி மாலை 18:00க்குத் திருப்பலி இருக்கும் ஆலயத்தில் செப மணி வழிபாட்டு மௌனத்தில் விழும், அடிக்காது. அதை விட்டுவிடலாம், அல்லது சனிக்கு மட்டும் 17:40க்கு மாற்றலாம். பங்குத்தந்தையிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

8. திருப்பலி அழைப்பு மணி

முதல் மணி அரைமணி முன்பு, இரண்டாம் மணி கால்மணி முன்பு, கடைசி மணி ஐந்து நிமிடம் முன்பு என்று வைத்துக்கொண்டால், 07:00 திருப்பலிக்கு 06:30, 06:45, 06:55. மூன்றும் வெவ்வேறாக ஒலிக்க வேண்டும். முதல் மணி நீளமாகவும் கடைசி மணி சுருக்கமாகவும் இருந்தால், கேட்பவருக்கு எந்த மணி என்று எண்ணாமலே தெரியும்.

அரைமணிக்குக் கால்மணி இசை வைத்திருந்தால் 06:30ல் மோதும். ஐந்தாம் படியில் கண்டதற்கு ஏற்ப, அழைப்பு மணியை 06:31க்குத் தள்ளுங்கள்.

கிழமையைப் பதியும்போது ஒரு விஷயம். சில கருவிகளில் வாரம் ஞாயிறில் தொடங்கும், சிலவற்றில் திங்களில். கிழமைகள் எண்ணாக மட்டும் தெரியும் கருவியில் இது முழு வாரத்தையும் ஒரு நாள் நகர்த்திவிடும். இன்னொன்று: சனி மாலைத் திருப்பலி ஞாயிறுக்கு உரியதுதான், ஆனால் கருவிக்கு அது சனிக்கிழமை.

கேரிலானோடு உண்மையான ஆடும் மணியும் இணைத்திருந்தால், மோட்டார் அதை ஆட்டி முழு வீச்சுக்குக் கொண்டுவரச் சில விநாடி ஆகும். அந்தத் தாமதத்தை அளந்து முன்கூட்டியே தொடங்கப் பதியுங்கள்.

9. பாடல்கள்

இப்போதுதான் பாடல். நாளுக்கு இரண்டு இடம் போதும்: நண்பகல் செப மணிக்குப் பின் 12:05, மாலையில் 18:05. மாலைத் திருப்பலி உள்ள நாளில் அதை முதல் மணிக்கு முன்பு முடியும்படி மாற்றுங்கள். பாடலின் நீளம் பட்டியலில் இல்லாவிட்டால் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள். எத்தனை சரணம் என்பதைக் கருவியே கேட்டால், இரண்டுக்கு மேல் போகாதீர்கள்.

வெளியிலிருந்து இசைக் கோப்பைக் கொண்டுவந்து ஏற்றுபவர்கள், ஆர்கனில் அழகாக ஒலித்தது மணியில் ஏன் குழம்புகிறது என்று கேட்பார்கள். மணியின் ஒலி நெடுநேரம் தேயாமல் நிற்கும், அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மரபான மணியின் உள்ளொலிகளில் சிறு மூன்றாம் சுரம் (மைனர் தேர்டு) வலுவாக இருப்பதால், பெரு மூன்றாம் சுரம் (மேஜர் தேர்டு) உள்ள நெருக்கமான சுரக்கூட்டுகள் அதோடு உரசும். அதனால் மெதுவான, ஒற்றை மெட்டாகப் போகும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கீழே இரண்டாவது குரல் தேவையென்றால் அதில் சுரங்கள் அரிதாக இருக்கட்டும்.

10. ஒலி அளவு

கருவி இருக்கும் அறையில் நின்று ஒலியைத் தீர்மானிக்காதீர்கள். இன்னொருவரைக் கருவியில் உட்கார வைத்துவிட்டு, மிக அருகில் உள்ள வீட்டின் வாசலுக்குப் போய்க் கேளுங்கள். அப்புறம் அழைப்பு மணி எட்ட வேண்டிய தூரத்துக்குப் போய்க் கேளுங்கள்.

நேரத்துக்கேற்ப ஒலி அளவை மாற்றும் வசதி இருந்தால், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 8 மணிக்குப் பின்பும் குறையுங்கள். 10 டெசிபல் குறைத்தால் காதுக்கு ஏறக்குறைய பாதி ஒலியாகத் தோன்றும். விடியற்காலையில் சுற்றுப்புறச் சத்தம் இல்லாததால் அந்தப் பாதியே நன்றாக எட்டும். உள்ளே உள்ள ஸ்பீக்கருக்கும் கோபுர ஸ்பீக்கருக்கும் தனித்தனி அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

11. வழிபாட்டுக் காலங்கள்

சாதாரண வாரம் முழுமையாக நின்ற பிறகே காலங்களுக்குப் போங்கள். ஏனென்றால் ஒவ்வொரு கால அட்டவணையும் அந்த வாரத்தைப் பிரதி எடுத்து மாற்றுவதுதான்.

தேதிகளில் இரண்டு இனம். கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25, அசையாது. இதற்கு 'ஆண்டுதோறும்' என்ற குறியைப் போடலாம். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகரும்: 2026ல் ஏப்ரல் 5, 2027ல் மார்ச் 28, 2028ல் ஏப்ரல் 16. அதற்கு 46 நாள் முந்தையது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், 49 நாள் பிந்தையது தூய ஆவியார் பெருவிழா. 2027க்கு இவை பிப்ரவரி 10, மே 16. உயிர்ப்பைச் சார்ந்த எந்தப் பதிவுக்கும் 'ஆண்டுதோறும்' குறி போடக் கூடாது. போட்டால், அடுத்த ஆண்டு பாஸ்கா காலத்தின் நடுவே தவக்கால மௌனம் வந்து உட்காரும்.

திருவருகைக் காலம் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்காம் ஞாயிறில் தொடங்கும், அது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாளாகவும் இருக்கலாம். 2026ல் நவம்பர் 29.

தவக்காலத்தில் பாடல் இடங்களைக் குறைத்து, அல்லேலூயா வரும் மெட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். கருவியே பாடலைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள், அதற்கு வார்த்தை தெரியாது. பாஸ்கா காலத்தில், உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரை, மூவேளை செபத்துக்குப் பதில் 'விண்ணக அரசியே' சொல்கிறோம். வெறும் மணி அடிக்கும் கருவியில் மாற்றம் தேவைப்படாமல் இருக்கலாம். செபத்தையோ மெட்டையோ ஒலிக்கும் கருவியில் மாற்ற வேண்டும்.

டிசம்பர் 24 இரவுக்கும் 31 இரவுக்கும் இரவு மௌனத்தைத் திறக்க மறந்துவிடுவார்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு மணி அடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். இரண்டு துண்டாகப் போட்ட மௌனத்தில் 24ஆம் தேதித் துண்டையும் 25ஆம் தேதித் துண்டையும் திறக்க வேண்டும்.

12. பெரிய வியாழன் முதல் பாஸ்கா திருவிழிப்பு வரை

வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் ('உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ப்பாடல்) பாடும்போது மணிகள் ஒலிக்கும், அதன்பின் சனி இரவுத் திருவிழிப்பின் வானவர் கீதம் வரை மௌனம். அந்தக் கீதம் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் நேரம் வைத்துப் பதியாதீர்கள்.

வியாழன் திருப்பலி தொடங்கும் நிமிடத்திலிருந்து உயிர்ப்பு ஞாயிறு காலை வரை முழு மௌனம் போடுங்கள். மணிக்கணக்கு, மூவேளை செபம், பாடல் எல்லாம் இதில் அடங்க வேண்டும். 2027ல் இது மார்ச் 25 மாலை முதல் 28 காலை வரை. இரண்டு வானவர் கீதத்துக்கும் ஒருவர் கருவியருகே நின்று கையால் அடிக்கட்டும். மௌன நேரத்தில் கைப்பொத்தான் வேலை செய்யாத கருவி என்றால், அந்தச் சில நிமிடம் மௌனத்தை விலக்கி மறுபடி இயக்கும் முறையை அவருக்கு முன்பே பழக்குங்கள். மறுபடி இயக்க மறந்தால் வெள்ளிக்கிழமை காலை மணி அடித்துவிடும்.

13. அடக்கம், திருமணம்

இவற்றை அட்டவணையில் சேர்க்காதீர்கள். நேரம் தள்ளிப்போகும், அன்று அதை மாற்ற ஆள் இருக்காது. துக்க மணிக்கு ஒரு பொத்தான், திருமண மணிக்கு ஒரு பொத்தான், 'எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் நிறுத்து' என்பதற்கு ஒன்று. மூன்றாவதுதான் அதிகம் உதவும். துக்க மணிக்கும் திருமண மணிக்கும் அடுத்தடுத்த பொத்தான்களை ஒதுக்காதீர்கள்.

14. சோதனை

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். தானாக நேரம் திருத்தும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், இல்லையென்றால் நீங்கள் நகர்த்திய கடிகாரத்தை அது பாதியில் திருப்பிக்கொண்டு வந்துவிடும். கடிகாரத்தை இந்த இடங்களுக்கு நகர்த்திப் பாருங்கள்: ஏதாவது ஒரு நாள் 05:57, சனி 17:25, ஞாயிறு முதல் திருப்பலிக்கு 35 நிமிடம் முன்பு, நண்பகல் 11:58, இரவு 20:58 மற்றும் 23:58, திருநீற்றுப் புதன் நண்பகல், பெரிய வியாழன் இரவு, டிசம்பர் 24 இரவு 23:20. ஒவ்வொன்றிலும் என்ன அடிக்க வேண்டும் என்பதைத் தாளில் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

முடிந்ததும் தேதி, ஆண்டு, நேரம் மூன்றையும் திரும்பப் பதிந்து, தானியங்கித் திருத்தத்தை இயக்கி, ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். ஆண்டைத் திருப்பாமல் விட்டால் நேரம் சரியாகத் தெரியும், கிழமை தவறாக ஓடும்.

முதல் வாரம் முழுக்க யாராவது ஒருவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

15. பிரதியும் ஒப்படைப்பும்

சரியான அட்டவணையை யுஎஸ்பியில் எடுத்து, உறையில் தேதி எழுதிப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள், கருவியிலேயே செருகி விடாதீர்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் புதிதாக ஒரு பிரதி எடுங்கள். கடவுச்சொல் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இருவருக்கு மேல் வேண்டாம்.

ஏழு நாள் தாளைக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நிறுத்தும் பொத்தான் எது, கைமணி எது, யாரைக் கூப்பிடுவது என்பதைப் பெரிய எழுத்தில் அதன் கீழே எழுதுங்கள். ஒவ்வொரு நவம்பரிலும் அடுத்த ஆண்டின் நகரும் தேதிகளைப் பதிந்து, முடிந்துபோன ஆண்டின் தேதிப் பதிவுகளை அழித்துவிடுங்கள்.